மழைக்குக் குறுக்கே படுத்தவர்கள்

'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தை இதுவரை நாலு முறை பார்த்துவிட்டேன். யாரிடம் பேசினாலும் 'கண்மணி அன்போடு' பாட்டு ஒலிக்கிற அந்தக் கட்டத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் காத்துக்கொண்டிருப்பது படத்தில் வருகிற மழைக்காகத்தான்.

நண்பர்கள் கூட்டமாகக் கொடைக்கானல் குகை ஒன்றுக்குப் போன இடத்தில், குழிக்குள் விழுந்த நண்பன் கீழே எங்கேயோ இருட்டில் கிடக்கிறான். மேலே நிற்பவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண மழை இல்லை, மலை மழை. சரிவில் வருகிற தண்ணீரெல்லாம் சேறும் சருகுமாகத் திரண்டு நேராக அந்தக் குழிக்குள்தான் இறங்குகிறது. அதைப் பார்த்ததும் அந்தப் பையன்கள் தரையில் விழுந்து படுத்துவிடுகிறார்கள். உடம்பையே வரப்பாக்கித் தண்ணீரை மறிக்கிறார்கள்.

அதனால் அவன் மேலே வந்துவிடப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். கீழே கிடப்பவன் தலையில் இன்னும் நாலு குடம் தண்ணீர் விழாமல் இருக்கும், அவ்வளவுதான். அவ்வளவுக்காக அந்தக் குளிரில், அந்தச் சேற்றில் படுத்துக் கிடக்கிறார்கள். எனக்கு இந்தப் படம் சொல்லிக்கொடுத்தது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். தோட்டத்தில் அறுபதடிக் கிணறு ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் அடிக்குப் போனதும் தூர் வாருவார்கள். உள்ளே இறங்குவது எப்போதும் பெரியப்பா. மேலே கயிறு பிடிப்பது எப்போதும் அப்பா. இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவார்கள். விளக்கு அணைந்துபோனால் உள்ளே காற்று சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. வேப்பங்கொப்பைக் கட்டி மேலும் கீழுமாக இழுத்து இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடி விளக்கை விட்டுப் பார்ப்பார்கள்.

கிணற்று மேட்டில் ஒரு தென்னை மரம். அப்பா வடக்கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்பார். பெரியப்பா கீழே சேற்றை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். கூடையை இழுக்க வேறு ஆட்கள் உண்டு. அப்பாவுக்கு வேலையே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்த்து, "என்னண்ணே?" என்பார். கீழிருந்து, "ம்" என்று வரும். மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "என்னண்ணே?" "ம்." பேச்சு அவ்வளவுதான். நாள் முழுக்க இதுவே நடக்கும்.

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது ஒரு நாள் கேட்டேன், "எதுக்குப்பா சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?" அப்பா கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "உள்ள இருக்கவனுக்கு மேல ஆள் இருக்குன்னு தெரியணும்டா. அப்புறம், மூணு தடவ கூப்பிட்டு 'ம்' வரலைன்னா காரணம் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. இழுத்துரணும்."

இதைக் கேட்டு நாற்பது வருஷம் ஆகப் போகிறது. நடுவில் சுத்தமாக மறந்தேபோனேன்.

அந்தக் குகையும் எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'டெவில்ஸ் கிச்சன்' என்று பேர் வைத்திருந்தார்கள், பேயின் அடுப்படி. தூண்பாறைக்குப் பக்கத்தில், பெரும் பாறைகளுக்கு நடுவே விழுந்த பிளவுகள்தான் அந்தக் குகைகள். மேலே சோலைக்காட்டு மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 1991 தீபாவளிக்கு 'குணா' வெளிவந்த பிறகு பழைய பேர் போய் குணா குகை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் நாங்கள் அங்கே போனபோது வாத்தியார் எங்களைக் கையைக் கோத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். எது தரை, எது சருகு மூடிய குழி என்று பார்த்தால் தெரியாது. அன்றைக்கு என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2006ல் கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்கள் சிலர் வேலியைத் தாண்டிக் குகைக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் குழிக்குள் விழுந்தார். கீழே போய் அவரைத் தூக்கிவந்தது இன்னொரு நண்பர், சிஜு டேவிட். அதற்காக அவருக்கு மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக் விருது கிடைத்தது. மலைக்குக் கீழேயே இருந்த எங்களுக்கு இந்தக் கதை பதினெட்டு வருஷம் கழித்து, சிதம்பரம் என்ற மலையாள இயக்குநர் படமாக எடுத்த பிறகுதான் தெரிந்தது. 2024 பிப்ரவரியில் படம் வந்தது. தமிழ்நாட்டில் இத்தனை பேர் இத்தனை ஆசையோடு பார்த்த மலையாளப் படம் இதற்கு முன் எனக்கு நினைவில்லை.

நான் மார்ச் மாதம் திண்டுக்கல்லில் பார்த்தேன். பக்கத்தில் என் மனைவி. கீழே விழுந்த சுபாஷின் பேரைச் சொல்லி மேலே இருப்பவர்கள் கூப்பிட ஆரம்பித்ததும் என் கை சில்லிட்டுப் போனது. காரணம் படம் மட்டும் இல்லை.

பள்ளிச் சுற்றுலாவில் என் கையைக் கோத்துக்கொண்டு நடந்த அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் செட்டில் ஐந்து பேர். படிப்பு முடிந்ததும் அவன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் தையலில் சேர்ந்தான். பத்து வருஷத்தில் சொந்தமாக பவர் டேபிள் யூனிட் போட்டுவிட்டான். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று பதினாறு மெஷின். பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் ஐந்து பேரில் முதலில் கார் வாங்கியவன் அவன்தான். ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் எங்கள் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பனியன் மூட்டை வந்துவிடும்.

அப்புறம் ஆர்டர் குறைந்தது. தைத்துக் கொடுத்ததற்கு வர வேண்டிய பணம் நின்றது. சம்பளம் கொடுக்கக் கடன், கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், தினத்தவணை, மீட்டர் வட்டி. முதலில் கார் போனது, பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின. 2023 கடைசியில் அவன் எங்கள் குழுவில் பேசுவதை நிறுத்தினான். போன் அடித்தால் எடுக்க மாட்டான். இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்தோம். அப்புறம் நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்: "மனசு சரியில்லாம இருப்பான், தொந்தரவு பண்ண வேணாம். அவனா கூப்பிடட்டும்."

இன்னொன்றும் சொன்னோம். சொன்னதில் நானும் ஒருவன். "இவ்வளவு வட்டிக்கு யாரு இவனை வாங்கச் சொன்னது?"

படத்தில் அந்தப் பையன்கள் செய்தது தப்புதான். போகக் கூடாது என்று தடுத்திருந்த இடத்துக்குப் போனார்கள். படம் அதை மறைக்கவே இல்லை. பாறையில் தங்கள் பேரை எழுதிவைக்கிற அளவுக்கு விளையாட்டு. ஸ்டேஷனுக்கு உதவி கேட்டு ஓடினால் அங்கே திட்டும் அடியும் விழுகிறது. 'யார் உங்களை உள்ளே போகச் சொன்னது' என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவன் கீழே கிடக்கும்போது, கூட வந்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது. படம் முழுக்க அந்த நண்பர்களில் ஒருவன்கூட சுபாஷைக் குறைசொல்லிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நாங்கள் ஐந்தில் நாலு பேர், டீக்கடையில் உட்கார்ந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தக் குழிக்குள் விழுந்த யாரும் திரும்பி வந்ததில்லை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அனுபவத்தைச் சொல்கிறார்கள். குரலும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பையன்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பேரைச் சொல்லி, தொண்டை கிழிய, பாறை இடுக்கில் வாயை வைத்து. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல் வந்த பிறகுதான் மீட்கிற வேலை உண்மையாகத் தொடங்குகிறது. கூப்பிடுவதைப் பாதியில் விட்டிருந்தால், உயிரோடு இருந்த ஒருவனை இறந்தவன் என்று எழுதிவிட்டு வண்டியேறியிருப்பார்கள்.

தியேட்டரில் அந்தக் குரல் வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அப்பாவின் "என்னண்ணே?" காதில் கேட்டது. மூணு தடவை கூப்பிட்டு 'ம்' வரவில்லை என்றால் இழுத்துவிட வேண்டும். நாங்கள் மூணு தடவை கூப்பிட்டுவிட்டு, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று போனைக் கீழே வைத்திருந்தோம். மூன்று மாதமாக.

இடைவேளையில் வெளியே வந்து மற்ற மூவருக்கும் போன் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நாளைக்குக் காலையில திருப்பூர் போறோம்" என்று மட்டும் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களும் உள்ளுக்குள் இதையே நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் வீட்டு வாசலில் நின்றோம். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு லைன் வீட்டின் கடைசிப் போர்ஷனில் இருந்தான். அவன் மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தவணைக்காரர்கள் என்று நினைத்து, "அவர் ஊர்ல இல்லைங்க" என்றது. அப்புறம்தான் எங்களை அடையாளம் தெரிந்தது. "அண்ணா" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதது அந்தத் தங்கச்சி.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பிட மட்டும் வெளியே வருகிறான், சில நாள் அதற்கும் வருவதில்லை என்று சொன்னது. நான் கதவைத் தட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. அது எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தெரிந்தது, இங்கே எழுத மாட்டேன். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தடவை கூப்பிட்டோம். எத்தனை நேரம் என்று தெரியாது. டீ வந்தது, ஆறியது. ஒருவன் பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்தான், வாத்தியார் கையைக் கோத்து நடக்கச் சொன்ன கதை உட்பட.

உள்ளேயிருந்து, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அன்றைக்கே அவன் வெளியே வந்துவிடவில்லை. கதவு மட்டும் திறந்தது.

அடுத்த வாரங்களில் நாங்கள் செய்ததைப் பெரிய உதவி என்று யாரும் சொல்ல முடியாது. அவன் கடனை அடைக்கிற வசதி எங்கள் யாரிடமும் இல்லை. நான் மாதச் சம்பளக்காரன், மற்றவர்களும் அப்படித்தான். ஆனால் மழைத் தண்ணீர் எங்கெங்கிருந்து அவன் தலையில் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது போன். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும். அந்த சிம்மை வாங்கி எங்களில் ஒருவன் தன்னிடம் வைத்துக்கொண்டான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன், கணக்குப் பேசத் தெரிந்தவன். இனிமேல் யார் கூப்பிட்டாலும் அவன்தான் எடுப்பான். ஒரு நோட்டுப் போட்டு யாருக்கு எவ்வளவு, அசல் எவ்வளவு, வட்டியாகவே எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதினான். எழுதி முடித்தபோது அசலைவிட அதிகமாகக் கட்டி முடித்த கடன்களே மூன்று இருந்தன. அதையெல்லாம் அவனால் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது. கீழே கிடப்பவனுக்குக் குழியின் அளவு தெரியாது.

இரண்டாவது, மகளின் பள்ளிக்கூடம். டேர்ம் ஃபீஸ் கட்டாததால் தேர்வுக்கு முன்னால் அந்தப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்திருக்கிறார்கள். அதை இன்னொருவன் பார்த்துக்கொண்டான். எவ்வளவு கட்டினான் என்று எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது, சொந்தக்காரர்களின் வாய். அதுதான் கஷ்டமான வேலை. அவன் மாமனார் வீட்டுக்கு நேரில் போய் என் மனைவி பேசினாள். நாலாமவன் பத்து நாள் லீவு போட்டு அந்த லைன் வீட்டின் முன்னறையிலேயே படுத்துக்கொண்டான். படத்தில் குட்டன் என்ற பேரில் வருகிற சிஜு டேவிட் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது மாதிரி இறங்கியவன் என்றால் அவனைத்தான் சொல்ல வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்தால் இவனும் எழுந்து உட்காருவானாம். பேச மாட்டார்களாம்.

படத்தில் எல்லாரும் இறங்குகிறவனைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், அது சரிதான். பெரும்பாவூரில் செட் போட்டுத்தான் அந்தக் குகையின் உட்புறத்தை எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகும், குட்டனாக நடித்த சௌபின் சாஹிர் அந்த இடுக்கில் இறங்கும்போது எனக்கு மூச்சு முட்டும். ஆனால் அவன் மேலே வந்தது கயிற்றால். கயிற்றை இழுத்தது மேலே நின்றவர்கள். அந்தப் பையன்கள் ஊரில் வடம் இழுக்கும் போட்டிக்காரர்கள். போட்டியில் பழகிய அதே கை, அதே குதிகால் ஊன்றல் அங்கே உதவுகிறது. தேர்வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், அதில் யார் பலசாலி என்று தனியாகத் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் சக்கரம் நகரும். அப்பாவையும் நான் அப்படித்தான் இப்போது நினைக்கிறேன். கிணற்றுக்குள் இறங்கிய பெரியப்பாவை ஊரே தைரியசாலி என்று சொல்லும். தென்னை மரத்தோடு ஒட்டி நின்றவரை யாரும் எதுவும் சொன்னதில்லை.

இன்னொன்று, அந்தப் படம் மேலே தூக்கியதோடு முடிந்துவிடவில்லை. ஊர் திரும்பிய பிறகு சுபாஷால் தூங்க முடியவில்லை, இருட்டு அவனை விடவில்லை. முதல் முறை பார்த்தபோது அந்தப் பகுதி எதற்கு என்று தோன்றியது. திருப்பூரில் ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குள் அவன் ஒரு கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தான். தலை நிமிர்ந்து நடக்கிறான், சிரிக்கிறான் என்று நாங்கள் கொஞ்சம் அசந்துவிட்டோம். ஒரு நாள் சாயந்திரம் தங்கச்சி போன் செய்தது: "அண்ணா, காலிங் பெல் அடிச்சா இன்னமும் பின்னாடி ரூமுக்குப் போயிடறாரு." அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்த பெல்லைக் கழற்றி எடுத்துவந்தேன். இப்போதும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனதும் அதற்குப் பிறகுதான். முதலிலேயே போயிருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நாங்கள் தாமதித்தது தப்பு.

ஒரு தடவை அவனிடம் கேட்டேன், அன்றைக்குக் கதவுக்கு வெளியே நாங்கள் கூப்பிட்டபோது முதலிலேயே கேட்டதா என்று. "கேட்டுச்சு மாப்ள" என்றான். "அப்புறம் ஏன்டா பேசல?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "எப்ப நிறுத்துவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

போன ஆவணி மாதம் அப்பா போய்விட்டார். எண்பத்து மூன்று வயது, படுக்கையில் விழாமல் போனார், நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். காரியம் முடிந்து சொந்தங்கள் கிளம்பிப்போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கிணற்று மேட்டில் அந்தத் தென்னை இன்னும் நிற்கிறது. மரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கயிறு அறுத்த தடம் வளையமாக இருக்கிறது. விரலை வைத்தால் பதிகிற அளவுக்குப் பள்ளம்.

ஒரு சாயந்திரம் அந்தத் தடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. இருட்டுகிற நேரம் தோட்டத்துப் பாதையில் ஒரு பைக் வெளிச்சம் தெரிந்தது. திருப்பூரிலிருந்து அவன்தான் கிளம்பி வந்திருக்கிறான். வண்டியை நிறுத்திவிட்டு, இருட்டில் என்னைத் தேடாமல் நேராகக் கிணற்றை நோக்கியே நடந்துவந்தான்.

"என்னடா?" என்றான்.

"ம்" என்றேன்.